இரண்டு விசைப்பலகைகளும் என் கைத்தட்டலும்

மகளே,

உன் மேசைமேல் இருந்த இரண்டு விசைப்பலகைகளைப் பற்றி நான் மேடையில் சொன்னது பொய். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். அவையை வணங்கி, அரங்கை அளந்து, குரலைத் தாழ்த்திப் பின் உயர்த்தி, கேட்போர் நெஞ்சைப் பதப்படுத்திய பிறகே செய்திக்கு வருவது என் பழக்கம் என்பதை நீ அறிவாய். இந்த மடலுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. இதை உனக்கு மட்டும் எழுதி உறையிலிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் பொய்யை நான் ஊரறியச் சொன்னேன். கேட்டவர்கள் இன்றும் அதைப் பிறரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சென்ற கிழமை காய்கறிக் கடையில் ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "உங்க பொண்ணு மாதிரி ஒரு தமிழ்ப் பொண்ணு எங்க வீட்டுக்கும் வேணும் சார்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அந்தத் தலையாட்டல் என்னை அறுத்தது. ஆகவே ஊரறியவே அதைத் திரும்பப் பெறுகிறேன். நம் தமிழ் மன்றத்து இதழில் இதை வெளியிட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

உன் நோவை ஊருக்குச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அதனால் உன்னைக் கேட்டுச் சொல்லும்படி உன் அம்மாவிடம் வேண்டினேன். அவள் உன்னோடு பேசி முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். "சொல்லிக்கட்டும்னு சொல்றா" என்றாள். "வேறு ஏதும் சொன்னாளா?" என்று கேட்டேன். "இல்ல. குக்கர் விசிலடிச்சுது, வச்சுட்டா." திருமணம் முடிந்து நீ உன் கணவர் ஊரான அத்திபெலே போனபின் உன்னிடமிருந்து எனக்கென்று வந்த சொல் அது ஒன்றுதான். அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

படிக்கிற பிறருக்காக, உனக்குத் தெரிந்தவற்றையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். நீ செய்துவந்தது பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் பணி. கல்லூரிகளில் பதிவு செய்த வகுப்புரைகளைக் காதில் வாங்கி, காது கேளாத மாணவர்கள் திரையின் அடியில் படித்துப் புரிந்துகொள்ளும்படி, ஒரு சொல்லும் தவறாமல் தட்டச்சு செய்து தருவாய். பெங்களூரின் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வரும் நிறுவனப் பேருந்து உன்னை நம் காக்ஸ் டவுன் முனையில் இறக்கிவிடும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும். கைகால் கழுவிக்கொண்டு மறுபடியும் கணினி முன்னால்தான் அமர்வாய். இம்முறை என் பேச்சுகளுக்காக. நான் கூடத்தில் நடந்தபடி சொல்வேன், நீ தட்டச்சு செய்வாய். சொன்னதை மாற்றுவேன், மாற்றியதை மீண்டும் மாற்றுவேன். 'வீழ்ந்தோம்' என்பதைச் 'சாய்ந்தோம்' என்று ஆக்கி, மறுநாள் 'வீழ்ந்தோம்' என்பதற்கே திரும்பி வருவேன். எனக்கு அது சொல்லைச் செதுக்கும் வேலை. உன் மணிக்கட்டுக்கு அது என்ன வேலை என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

நோவு முதலில் சிறியவற்றில்தான் தலைகாட்டியது. சீப்பை இடக்கைக்கு மாற்றினாய். நீர்ப்புட்டியின் மூடியைத் திறக்க அம்மாவிடம் நீட்டினாய். தேநீர்க் குவளையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்கினாய்; குளிருக்காக அப்படிச் செய்கிறாய் என்று நினைத்தேன். இயன்முறை மருத்துவர் ஒருவர் நீ அமரும் விதத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் ஒரு சிறு பலகைக்குள் நெருக்குவதால் தோள்கள் உள்வாங்குகின்றன, மணிக்கட்டுகள் வெளிப்புறமாக ஒடிந்து நிற்கின்றன, நாள் முழுதும் இப்படி இருந்தால் தசைநாண்கள் எப்படித் தாங்கும் என்று கேட்டு அனுப்பினார். மறுநாளே நீ கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போய் எளிய விசைப்பலகை ஒன்றை வாங்கி வந்தாய். முன்பே இருந்ததை மேசையின் இடப்புறம் தள்ளினாய். புதியதை வலப்புறம் வைத்தாய். இரண்டையும் ஒரே கணினியில் செருகினாய். இடக்கைக்கு ஒரு பலகை, வலக்கைக்கு ஒரு பலகை. இரண்டிலும் பாதி விசைகளுக்கு வேலை இல்லை. ஆனால் உன் கைகள் தோளகலத்துக்கு விரிந்தன, மணிக்கட்டுகள் நேராயின, கூனியிருந்த நெஞ்சு திறந்தது.

"கணினி ஒன்று, பலகை இரண்டா அம்மா?" என்று நான் சிரித்தேன்.

"தோள் ரெண்டு இருக்குல்லப்பா" என்றாய்.

உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "பாதிப் பாதி சும்மாத்தானே கெடக்குது? ஒண்ண வாங்கி ரெண்டா வெட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே."

"வெட்டினா வேல செய்யாதும்மா!"

இரண்டு பலகைகளைக் கண்டு கணினி குழம்பாதா என்று நான் கேட்டேன். "ரெண்டு கையும் ஒரே ஆளோடதுன்னு எடுத்துக்கும்ப்பா. இந்தப் பக்கம் ஷிஃப்ட்ட அழுத்திக்கிட்டு அந்தப் பக்கம் எழுத்த அடிச்சாலும், எந்தக் கீபோர்டுன்னு அது கேக்காது" என்றாய். தமிழ்த் தட்டச்சு முறையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கையிலும் அமைந்திருப்பதால், ஏறக்குறைய ஒவ்வோர் உயிர்மெய்யெழுத்துக்கும் இரண்டு பலகைகளும் வேண்டும் என்று காட்டினாய். எனக்கு மெய் சிலிர்த்தது. நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதையும் கொண்டுபோய் மேடையில சொல்லிடாதீங்க" என்றாய். அதை நான் சொல்லவில்லை. அதைவிடப் பெரியதைச் சொன்னேன்.

சில கிழமைகளில் குவளையை ஒரு கையால் தூக்கத் தொடங்கினாய். பணியிடத்திலும் அவ்வாறே இரண்டு பலகைகள் வைத்துக்கொண்டாய். நோவு போய்விடவில்லை, ஆனால் உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஓர் ஓரமாக அமர்ந்திருந்தது. அந்த நாள்களில்தான் உனக்கு மணமகன் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வந்த வீட்டாரிடம் உன் அம்மா ஒளிக்காமல் சொன்னாள்: பெண்ணுக்குக் கையில் வலி, மருத்துவம் பார்க்கிறோம் என்று. "வாதமா? பரம்பரையா வர்றதா?" என்று கேட்டார்கள். காப்பியைக் குடித்தார்கள். போனவர்கள் போனவர்கள்தாம். அன்று உன் அம்மா என்னைச் சமையலறைக்குள் அழைத்துச் சொன்னாள்: "இனிமே யாரு வந்தாலும் கை வலின்னு வாயத் தொறக்கக் கூடாது. நானும் தொறக்க மாட்டேன், நீங்களும் தொறக்காதீங்க." வாயைத் திறக்காமல் இருப்பது என்பது எனக்குக் கைவராத ஒன்று, அதை அவள் எண்ணிப் பார்க்கவில்லை.

அத்திபெலேயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். சிறு வயதிலேயே தாயை இழந்த அவரை வளர்த்த அத்தைதான் அந்த வீட்டின் குரல். கூடத்தில் இடம் போதாமல், அவருக்கு உன் மேசையருகே நாற்காலி போட்டோம். பலகைகளை எடுத்து ஒளித்து வைக்க எவருக்கும் தோன்றவில்லை.

"என்னாத்துக்குமா ரெண்டு கீபோர்டு? ஒண்ணு ரிப்பேரா?" என்றார் அத்தை.

"இல்லீங்கம்மா, எனக்குக் கை..." என்று நீ தொடங்கினாய்.

பாதிச் சொல்லில் நான் புகுந்தேன். "ஒன்று தமிழுக்கு, ஒன்று ஆங்கிலத்துக்கு" என்றேன். குரல் தானாகவே மேடைக்குரல் ஆகிவிட்டது. "பிழைப்புக்காக ஆங்கிலம் தட்டிய விசைமேல் தமிழைத் தட்ட என் மகள் ஒப்புவதில்லை. வயிற்றுக்கு ஒரு பலகை. உயிருக்கு ஒரு பலகை!"

அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பொண்ணா! எங்க ஊட்டுப் பசங்க வாயத் தொறந்தா பாதி கன்னடம், பாதி இங்கிலீஷு. டேய், நீ தமிழ்ல முழுசா ஒரு லெட்டர் எழுதிருவியாடா?"

"சொல்ப கஷ்டம்தான் அத்த" என்றார் மாப்பிள்ளை. 'கொஞ்சம்' என்பதும் அவருக்குக் கன்னடத்திலேயே வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஆனால் உன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய். அந்தப் பாதிச் சொல்லை நான் முடிக்க விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போது ஒவ்வொரு நாளும் எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் எழுந்து போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். அதை அறியும் வாய்ப்பை உனக்கும் தரவில்லை, அவருக்கும் தரவில்லை.

உன் பேச்சை நான் முடித்து வைத்தது அது முதல்முறை இல்லை. தேவாலயத்தை ஒட்டிய உன் பள்ளியில் நடந்த பேச்சுப் போட்டி உனக்கு நினைவிருக்கும். நான் எழுதித் தந்த உரையை மனப்பாடம் செய்து, இரட்டைச் சடையுடன் மேடையேறினாய். நடுவில் நின்றாய். அரங்கு அமைதியாகக் காத்திருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து அடுத்த வரியை நானே முழங்கினேன். அதற்கடுத்த வரியையும் முழங்கினேன். அவை எனக்குக் கைதட்டியது. நீ படியிறங்கி வந்தாய். அதன்பின் எந்த மேடையிலும் ஏறவில்லை. பிறர் பேசுவதைக் கேட்டு எழுதும் பணியை நீ தேர்ந்தபோது, கூச்சமுள்ள பெண் என்று நண்பர்களிடம் சொன்னேன். பல ஆண்டுகள் கழித்து, வேறேதோ பேசிக்கொண்டிருக்கையில் நீ சொன்னாய்: "அன்னிக்கு நான் மறக்கலப்பா. மூச்சு வாங்கிட்டிருந்தேன்." நான் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனேன்.

வீட்டுக் கூடத்தில் சொன்ன பொய் கூடத்தோடு நின்றிருந்தாலும் பிழைத்திருப்போம். மன்றத்தின் ஆண்டுவிழாவில் என்னைப் பேச அழைத்தார்கள். அந்தச் செய்தி நாக்கின் நுனியிலேயே நின்றுகொண்டிருந்தது. சொன்னேன். அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. யாரோ அதைப் பதிவு செய்தார். கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குப் பறந்து அத்திபெலேயில் அத்தையின் உறவினர் அனைவரையும் அடைந்தது. மறுநாள் நீ என்னிடம் வந்து நின்றாய். "ஆஃபீஸ்லயும் ரெண்டு கீபோர்டு வச்சிருக்கேன்ப்பா. அங்க நான் தமிழே அடிக்கிறதில்ல. கேக்குறவங்களுக்கு என்ன சொல்றது?" என்றாய். "சிரித்துவிடு" என்றேன். ஒரு தந்தை மகளுக்குத் தந்த அறிவுரை அது.

மண உறுதி நாளில் மாப்பிள்ளை உன் கையில் ஒரு நீளப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே ஒரே ஒரு விசைப்பலகை. செம்பு நிறம்; நல்ல கனம்; ஒவ்வொரு விசையிலும் ஒரு தமிழெழுத்தும் ஓர் ஆங்கில எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் செதுக்கப்பட்டிருந்தன. எங்கோ தேடிப் பிடித்து, சொல்லிச் செய்வித்து வாங்கியிருக்கிறார். கூச்சத்துடன், "ரெண்டும் ஒண்ணுலயே இருந்தா சண்ட சச்சரவு இல்லாம ஒத்துமையா இருக்கும்னு தோணிச்சு" என்றார். மண்டபமே சிரித்துக் கைதட்டியது. பெட்டியின் விளிம்புக்கு மேலாக நீ என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு பார்வை. என்ன கேட்கிறாய் என்பது எனக்குத் தெரிந்தது. 'அவள் கைக்கு இது ஆகாது மாப்பிள்ளை' என்று சொல்லியிருந்தால் போதும். அதற்கு அலங்காரம் வேண்டாம், ஒலிவாங்கி வேண்டாம். நானும் கைதட்டினேன். மற்றவர்களைவிடச் சற்று மிகுதியாகவே தட்டினேன் என்று நினைக்கிறேன்.

அன்றே இரண்டு பலகைகளும் பழைய போர்வையில் சுற்றிப் பரண்மேல் ஏறின. நாள்தோறும் மாலையில் மாப்பிள்ளை காணொளியில் அழைப்பார். அவர் தந்தது மேசைமேல் தெரிய வேண்டும். "எப்பிடி இருக்கு?" என்பார். "நல்லா இருக்கு" என்பாய். அதன் விசைகள் அழுத்தமானவை. அந்தச் சிறு பலகைக்குள் உன் கைகள் மறுபடியும் நெருங்கின, தோள்கள் மறுபடியும் மடங்கின. போதாக்குறைக்கு என் நூல் வேறு. எங்களைப் போன்ற தமிழ்ப் பேச்சாளர் வீட்டுத் திருமணங்களில் விருந்தினருக்குத் தேங்காய்ப் பை தருவதில்லை, நூல் தருவோம். உன் திருமணத்தில் என் பேச்சுகளைத் தொகுத்துத் தர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். "போதும் விடுங்க. அச்சகத்துல குடுத்து அடிச்சுக்கலாம்" என்று உன் அம்மா சொன்னாள். அச்சகத்தார் ஒற்றெழுத்துகளை விட்டுவிடுவார்கள், இவள் கை பட்டால்தான் பிழையிராது என்றேன். நீ மறுக்கவில்லை. "அப்பா, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாய். உனக்குக் காதில் விழவில்லை போலும் என்று நினைத்து உரக்கச் சொன்னேன்.

திருமண நாளைப் பற்றி எழுதவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். ஓசூர்ச் சாலை மண்டபம்; நம் சீர்திருத்தத் திருமண முறைப்படி உறுதிமொழியும் மாலை மாற்றலும். தலைமை தாங்க ஒரு பெரியவரை அழைத்திருந்தோம்; ஆயினும் ஒலிவாங்கி என் கையில்தான் இருந்தது. மாப்பிள்ளை உனக்கு மாலையிட்டார். நீ உன் மாலையை எடுத்தாய். நீர் தெளித்த தடித்த ரோசாமாலை. நெஞ்சுயரம் வரை தூக்கினாய். அங்கே உன் விரல்கள் திறந்துகொண்டன. மாலை தரையில் விழுந்தது.

"ஐயையோ, அபசகுனம்!" என்று அத்தை வாய்விட்டுச் சொன்னது முன்வரிசை முழுவதற்கும் கேட்டது.

அந்த நொடியில் நான் உன்னிடம் ஓடி வந்திருக்க வேண்டும். மாறாக, ஒலிவாங்கி என் உதட்டுக்கு வந்தது. "முதல் வணக்கம் மண்ணுக்கு, மறு வணக்கமே மணமகனுக்கு! வாழவைக்கும் இந்த மண்ணை வணங்கிவிட்டு எழுகிறது என் மகளின் மாலை!" என்று முழங்கினேன். மண்டபம் அதிர்ந்தது. அத்தையும் கைதட்டினார். வந்திருந்த கன்னட நண்பர்கள் அருகில் இருந்தவர்களிடம் பொருள் கேட்டறிந்து அவர்களும் தட்டினார்கள். உன் விரல்கள் ஏன் திறந்தன என்று அந்த ஆரவாரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவிடாமல் செய்ததே நான்தான். நீ தலைநிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பெட்டியின் மேலாகப் பார்த்த அதே கண்கள். ஆனால் இம்முறை அவை எதையும் கேட்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து மாலையை எடுத்தார். உன்னிடம் திருப்பித் தரவில்லை. பாரம் முழுவதையும் தாமே பிடித்துக்கொண்டு, உன் கைகளை அதன்மேல் சும்மா வைக்கச் செய்து, தம் தலையைத் தாழ்த்தி உள்ளே நுழைத்துக்கொண்டார். உன் கையை முதன்முதலாகக் கண்டுகொண்டவர் அவர். நீ பிறந்த நாள்தொட்டு உன்னோடு இருந்தவன் நான்.

நீங்கள் அத்திபெலே போய்ச் சில கிழமைகள் கழித்து, உன் கணவர் ஒரு முற்பகலில் தனியாக வண்டியில் வந்தார். உன்னிடம் சொல்லிவிட்டு வந்தாரா என்று எனக்குத் தெரியாது. உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"மாமா, அந்த ரெண்டு கீபோர்டும் இருக்கா?"

பரணில் இருக்கின்றன என்றேன். அவரே முக்காலியில் ஏறி இறக்கினார். போர்வையைப் பிரித்து, ஒன்றை இடப்புறமும் ஒன்றை வலப்புறமும் வைத்துவிட்டு உன் அம்மாவைப் பார்த்தார். "இப்பிடியா அத்த?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க, தம்பி. லேசா சாச்சு..." என்று அவளே வந்து நகர்த்திவைத்தாள். அந்தச் சாய்வு அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. எனக்கு நினைவில்லை. மாப்பிள்ளை உன் நாற்காலியில் அமர்ந்து, கைகளை விரித்து, இரண்டு பலகைகள்மேலும் வைத்தபடி சற்றுநேரம் இருந்தார். எதையும் தட்டவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"மண்டபத்துலேர்ந்து கார்ல போறப்பவே சொல்லிட்டா மாமா. கை வலின்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஒண்ணும் வேணாம்னு போயிருக்க மாட்டேன். அது போகட்டும். நான் குடுத்ததுலதானே அவ அத்தன நாளும் அடிச்சிருக்கா? தெனமும் ஃபோன் போட்டு 'எப்பிடி இருக்கு, எப்பிடி இருக்கு'ன்னு வேற கேட்டிருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே தூக்கிட்டுப் போயிருப்பேன். இப்ப என் கையாலயே..."

அவர் அங்கே நிறுத்திவிட்டார். பிறர் பாதியில் விட்ட பேச்சை முடித்து வைக்காமல் நான் நின்றது வாழ்நாளில் அன்றுதான். அன்போடு தேடி வாங்கிய ஒரு பரிசை, உன்னைப் புண்படுத்தும் கருவியாக நான் ஆக்கிவிட்டேன். அதையும் அந்த நல்ல மனிதரின் கையாலேயே செய்வித்தேன். பொய்யின் கேடு எனக்கும் உனக்கும் நடுவில் மட்டும் இருக்கும் என்று எண்ணியிருந்தேன். அது போய் அமர்ந்த இடம் அவருடைய நெஞ்சு.

"எடுத்துச் செல்லுங்கள் மாப்பிள்ளை" என்று இரண்டையும் காட்டினேன்.

"வேணாம் மாமா. டாக்டர் இனிமே டைப்பிங் வேலையே வேணாம்னுட்டாரு. வேலைய விட்டுட்டா. பழையபடி ஆயிடுமான்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாரு." எழுந்துகொண்டார். "எப்பிடி உக்காந்திருந்தான்னு பாக்கணும்னு தோணிச்சு. அவ்ளோதான்." உன் அம்மா கலந்து வைத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, "வரேன் அத்த" என்று சொல்லிப் போனார். என்னிடமும் தலையசைத்தார். வண்டி முனையைத் திரும்பும்வரை நானும் உன் அம்மாவும் வாயிலில் நின்றோம். "நாம ரெண்டு பேரும்தாங்க இதுக்குக் காரணம்" என்றாள் அவள். என்னைக் காக்கத்தான் அப்படிச் சொன்னாள்.

அந்தப் பலகைகளில்தான் இந்த மடலைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்லி எழுதவைத்தே பழகியவன், இப்போது ஒரு பக்கத்துக்கு ஒரு விரல் என்று ஒவ்வோர் எழுத்தாகத் தேடுகிறேன். உன் அம்மா வைத்த சாய்வை மாற்றவில்லை. நீ தட்டும்போது இரண்டு பலகைகளுக்கும் இடையில் என் உரைத்தாள்கள் கிடக்குமே, அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். சில இடங்களில் சொல்லை மாற்ற விரும்பினேன். தட்டியதை அழித்து மறுபடி தட்ட விரல்கள் என்ன விலை கொடுக்கின்றன என்பதை இந்த வயதில் அறிந்துகொண்டேன். அப்படியே விட்டுவிட்டேன். ஆகவே இதில் பிழைகள் இருக்கும். ஒற்றெழுத்துகள் விடுபட்டிருக்கும். உன் கை படாதது இது.

அறிவுரை சொல்லத் தகுதி இழந்தவன் சொல்வதையும் சிறிது கேள். உன் உடலுக்கு எது வேண்டுமோ, அதை மேசைமேல் எல்லார் கண்ணிலும் படும்படி வை. வருகிறவர் ஏன் என்று கேட்டால், கை வலிக்கிறது என்று சொல். அது எவருடைய பெருமைக்கும் இழுக்கு இல்லை. கேட்டு எழுந்து போகிறவர் போகட்டும். உனக்காக எவரேனும் அழகாகப் பேசத் தொடங்கினால், அவர் உன் தந்தையே ஆனாலும், நிறுத்தச் சொல். உன் கணவரிடம் நோகிற இடத்தை நோகிற நாளிலேயே சொல்லிவிடு. நல்லா இருக்கு என்று மட்டும் இனி ஒருநாளும் சொல்லாதே. அவர் தந்த செம்புநிறப் பலகையை ஒளிக்கவோ எறியவோ வேண்டாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தம்மை நொந்துகொள்வார் என்றால், இந்த மடலை அவரிடம் கொடு. குற்றம் எவருடையது என்று இதில் அச்சாகியிருக்கிறது.

எத்தனையோ காது கேளாத பிள்ளைகள் உன் விரல்கள் வழியே பாடம் படித்தார்கள். அந்தப் பணியை நீ எவ்வளவு விரும்பினாய் என்பதை ஒருநாளும் நீ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அது இனி உனக்குத் திரும்பாது என்பதை எழுதும்போது என் இரண்டு விரல்களும் நின்றுவிடுகின்றன. அதை மேடையேறித் திருப்பித் தர என்னால் முடியாது.

இந்த இதழ் உன் கைக்கு வரும்போது மறுமொழி எழுத வேண்டும் என்று உனக்குத் தோன்றலாம். எழுதாதே மகளே. கைப்பேசியிலும் ஒரு சொல்லும் தட்டாதே. சொல்ல ஏதேனும் இருந்தால், என்றைக்குச் சொல்லத் தோன்றுகிறதோ அன்றைக்கு வா. சினத்தோடு வந்தாலும் வா. உன் நாற்காலியை மேசையருகே போட்டிருக்கிறேன். நான் மூன்றாம் வரிசைக்குப் போய் அமர்ந்துகொள்கிறேன். பேசும்போது நடுவில் நீ நின்றால், மூச்சு வாங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். காத்திருப்பேன்.

அப்பா